மேஜைக்கு அடியில் ஒரு பிரேக்

“ஒன்பதும் ஏழும் எவ்வளவு?”

“பதினஞ்…” என்று ஆரம்பித்த மகன் பாதியில் நிறுத்தினான். மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்தான். நிமிர்ந்து, “பதினாறு” என்றான்.

விடை சரிதான். ஆனால் கணக்குக்கான விடை மேஜைக்கு அடியில் ஏன் இருக்க வேண்டும் என்பதுதான் மாஸ்டருக்குப் புரியவில்லை. விரிப்பைத் தூக்கி அவரும் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. அவருடைய சொந்த வலது கால் மட்டும், செருப்போடு, தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அதனால்தான் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பயிற்சிக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அது அவருடையது. பக்கத்தில் இருப்பவர் தப்புச் செய்யப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த வலது கால் மூளையைக் கேட்காமலே போய் அழுத்தும். மூளையைக் கேட்டுவிட்டு அழுத்தியிருந்தால், அவரும் அவரிடம் கற்றுக்கொண்டவர்களும் எப்போதோ ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் நிறுத்தியிருப்பார்கள்.

பழக்கம் காரோடு நிற்கவில்லை. பஸ்ஸில் போனாலும் அழுத்துவார். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு வந்தால், எதிரே இருக்கும் ஸ்டூல் உதைபட்டு நகரும். கல்யாணமான புதிதில், மனைவி குழம்பில் இரண்டாவது கரண்டி உப்பை எடுத்தபோது பக்கத்தில் தரை அதிர்ந்தது. “போதும்னா வாயால சொல்லுங்க, எதுக்குக் காலால சொல்றீங்க” என்று அவள் கேட்டது இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலைப் பார்த்துத்தான் மகன் கணக்குப் போடுகிறானோ? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, மாஸ்டர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“நாலும் மூணும்?”

“எட்டு” என்றான் மகன். குனிந்து பார்த்தான். கால் அங்கே இல்லை. “ஒன்பது?” என்றான் சந்தேகமாக. பிறகு, விளக்கு எரியாத சிக்னலில் மாட்டிக்கொண்டவன் போல முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் உட்கார்ந்திருந்தான்.

“காலை விடுங்கப்பா, அண்ணன் பாவம்” என்றாள் இளையவள்.

அவளுக்குப் பொடி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர். ஏழு வயது அண்ணனுக்கு வீட்டில் பெயர் பெரியவர். பின்னால் கைகட்டிக்கொண்டுதான் நடப்பான். காற்று வாங்க ஜன்னலோரம் வந்து நிற்பதுகூட ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி இருக்கும். அம்மாவின் குடும்பத்துக் களை என்று மாஸ்டர் சொல்வார்.

அம்மா நர்ஸ். ஊர் முழுக்கக் காய்ச்சல் பரவி, பள்ளிக்கூடங்களை மூடி, கடைகளை அரைக் கதவோடு திறக்கச் சொல்லியிருந்த காலம் அது. நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே நர்ஸுகளுக்குத் தங்க அறை கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் போனில்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியும். முகக்கவசத்தின் வார் கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்திருக்கும். அதைப் பொடி போன் திரையிலேயே தடவிக் கொடுப்பாள்.

கார்ப் பயிற்சி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு காருக்குள் இரண்டு பேர் தோள் உரச உட்காரும் தொழில், முதலில் மூடப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. மாஸ்டர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். பிறகு படுத்தார். வெளியில் போகாதவனுக்கு ஷேவிங் எதற்கு என்று முதலில் தோன்றியது. பிறகு சட்டை எதற்கு என்று தோன்றியது. பிள்ளைகள் ரொட்டியில் ஜாம் தடவிக் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிட்டார். சோபாவின் பஞ்சு அவர் உருவத்துக்குப் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது.

அப்படி ஒரு காலையில்தான் பெரியவர் நோட்டோடு வந்து சோபாவுக்கு எதிரே நின்றான். “அப்பா, ரெண்டும் ரெண்டும் அஞ்சுதானே?”

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் மூடிக் கொஞ்ச நாளிலேயே பிள்ளைக்கு ரெண்டும் ரெண்டும் மறந்துவிட்டது என்றால், இன்னும் கொஞ்ச நாள் போனால் சொந்தப் பெயர் மறந்துவிடாதா? அன்றைக்கே ஷேவ் செய்துகொண்டார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்.

தெரிந்த முறையில்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? உட்கார்ந்ததும் முதலில் நாற்காலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திறக்க வேண்டும். பக்கம் திருப்புவதற்கு முன்னால் கையைக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது காற்புள்ளியில் வேகத்தைக் குறைத்து, முற்றுப்புள்ளியில் முழுசாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். கழித்தல் என்பது ரிவர்ஸ், அவசரப்படக் கூடாது. பொடிக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. உயிரெழுத்துகளை அவள் ஹாரன் அடித்துக்கொண்டே எழுதினாள்.

பிள்ளைகள் நன்றாகத்தான் படித்தார்கள். தப்பாக ஆரம்பித்தாலும் கடைசியில் சரியான இடத்தில் வந்து நின்றார்கள். மாஸ்டர் சாயங்காலப் போனில் மனைவியிடம் பெருமை பேசினார். பையன் மூன்று இலக்கக் கூட்டலுக்குப் போய்விட்டான் என்றார். போகிற போக்கில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இவனை வாத்தியாராகவே சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்லிவைத்தார்.

இப்போது தெரிகிறது, படித்தது பிள்ளைகள் இல்லை. வலது கால்.

அன்று சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனை எடுத்தார். ஆனால் மனைவி முந்திக்கொண்டாள். அவள் அக்கா பேசினாளாம். பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாளாம். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அங்கேயே இருந்து படிக்கட்டும் என்கிறாளாம்.

அந்த அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அவர் முன்னால் போய் நின்றால், செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

“நீங்கதான் நல்லா சொல்லித் தர்றீங்களேன்னு சொன்னேன்” என்றாள் மனைவி. குரலில் அலுப்பு. “அப்படின்னா சனிக்கிழமை போன்ல நானே கேட்டுப் பார்க்கறேன்னு சொல்லிட்டா. சரியா சொன்னாங்கன்னா உங்ககிட்டயே இருக்கட்டுமாம். இல்லேன்னா வந்து கூட்டிக்கிட்டுப் போயிடறாளாம். எனக்கும் ஒரு கவலை குறையுங்க. இங்க நிக்கக்கூட நேரமில்லை.”

“கேட்கட்டுமே, அதுக்கென்ன” என்றார் மாஸ்டர்.

போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். சுவரில் பொடி வரைந்த, சக்கரம் மட்டும் இருக்கும் கார். மேஜைமேல் பெரியவர் வரிசைப்படுத்திய பென்சில்கள். இவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது தானும் சோபாவும்தான் என்று தோன்றியது. பிள்ளைகளுக்குப் பெரியம்மா வீட்டில் தூக்கம் வராது, புது இடம், பாவம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமைக்குள் காலின் பழக்கத்தை மறக்கடித்துவிட வேண்டும். அதுதான் வழி.

மறுநாள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். பெரியவர் முதல் தப்பை நோக்கிப் போனபோது, கால் பழக்க தோஷத்தில் தரையைத் தேடிக்கொண்டு பாய்ந்தது. மடக்கி வைத்த கால் பாய்ந்தால் என்ன ஆகும்? மாஸ்டர் நாற்காலியோடு சாய்ந்தார். கீழே கிடந்தபடியே, விடை என்ன என்று கேட்டார். பெரியவர் அவரைக் கவனமாகப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய தப்பா?” என்றான்.

அடுத்தது வாளி. காலைத் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் வைத்துக்கொண்டால், அழுத்தும்போது சிலிர்த்துக்கொண்டு ஞாபகம் வரும் என்று யோசித்தார். ஞாபகம் வந்தது. ஆனால் அழுத்தின பிறகுதான் வந்தது. தண்ணீர் தெறித்து, பொடியின் ஆ, ஈ எல்லாம் கரைந்து ஓடின. பெரியவருக்கு இது இன்னும் வசதியாகப் போயிற்று. இப்போது குனியக்கூட வேண்டாம், காதால் கேட்டாலே போதும்.

பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். கூடத்திலிருந்து பதிலே வரவில்லை. எட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் சமையலறைக் கதவின் அடியில் இருந்த இடைவெளியில் கன்னத்தை வைத்துப் படுத்து, அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. அதற்கும் கால் போய் ஒரு பிரேக் போட்டது. பால் கேட்கவில்லை.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுத் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவும் முகத்தில் கவசமுமாக, வாசலிலிருந்து தள்ளி நின்றார். மருத்துவமனைக்கு முகக்கவசம் தைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின்தான்.

“மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க” என்று ஆரம்பித்தார். “நீங்க மேலே ஒரு அழுத்து அழுத்தினா, கீழே மிஷின் மிதிக்கிற என் காலும் தானா நின்னுடுது. ஒரு முகக்கவசத்துக்கு மூணு தடவை நிக்கறேன். நேத்து உங்க பையன் வகுத்தல் போட்டானா என்ன?”

மாஸ்டர் கூச்சத்தோடு, ஆமாம் என்றார்.

“நினைச்சேன். நூல் அறுந்துபோச்சு.”

வேண்டுமானால் காலுக்கு அடியில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளுங்கள் என்று தையல்காரர் யோசனை சொன்னார். போகும்போது, நீங்கள் கடைக்குப் போகிற நேரத்தில் பையன் தங்கச்சிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது கீழே கேட்கும், அந்த நேரத்தில்தான் தன் தையல் நேராக விழுகிறது என்றும் சொன்னார். மனிதர் மரியாதைக்குச் சொல்கிறார் என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். தலையணையை மட்டும் போட்டுப் பார்த்தார். சத்தம் நின்றது. பெரியவர் மறுபடியும் குனிய ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையும் நிறுத்த முடியவில்லை, பிள்ளைகளையும் அதிலிருந்து பிரிக்க முடியவில்லை. மாஸ்டர் சோபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். சாயலாமா என்று யோசிக்கும்போதே, பெரியவர் எங்கிருந்தோ வந்து நின்றான்.

“அப்பா, பத்துல அஞ்சு போனா ஆறுதானே?”

அந்தக் கேள்வியில்தான் மாஸ்டருக்குத் துணிச்சல் வந்தது. ஆனது ஆகட்டும். நிறுத்த முடியாத காலை, உபயோகப்படுத்திக்கொண்டால் என்ன?

திட்டம் தயாரானது. தண்ணீர்க் குடத்தில் சாய்த்து போனை மேஜைமேல் நிறுத்துவது. பிள்ளைகள் எதிரே உட்காருவது. மாஸ்டர் மேஜைக்கு அடியில் இருப்பது. விரிப்பு தரைவரை தொங்கும், போனுக்குத் தெரியாது. பிள்ளைகள் பக்கம் மட்டும் விரிப்பைத் தூக்கி மேஜைமேல் மடித்து வைத்தால், அவர்களுக்குக் கால் தெரியும். கால் அழுத்தினால் தப்பு; சும்மா இருந்தால் சரி.

பெரியவர் பின்னால் கைகட்டிக்கொண்டு இதை எல்லாம் கேட்டான். “இது ஏமாத்துறது இல்லையாப்பா?”

“ஏமாத்துறது இல்லைடா கண்ணா. இது வந்து… பாதுகாப்பு” என்றார் மாஸ்டர். மகன் கண்ணைப் பார்க்காமல்.

பெரியவர் தங்கையைப் பார்த்தான். தங்கை பெரியவரைப் பார்த்தாள். “சரிப்பா” என்றான் அவன் பெருந்தன்மையாக. “உங்களுக்கு வேணும்னா அப்படியே செய்யலாம்.”

சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்குப் போன் மணி அடித்தது. திரையில் பெரியம்மா வந்தார். கண்ணாடி, இழுத்து முடிந்த கொண்டை, பின்னால் ஒரு தூசி இல்லாத புத்தக அலமாரி. மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“சௌக்கியமா மாப்பிள்ளை? இளைச்சுத் தெரியறீங்களே. சரி, நீங்க அந்தப் பக்கம் போய் உங்க வேலையைப் பாருங்க. பெத்தவங்க பக்கத்துல நின்னா பிள்ளைங்க அவங்க முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். எத்தனை வருஷமா பார்க்கறேன்.”

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இதோ போறேங்க்கா” என்று சொல்லிவிட்டு, சத்தமாக நாலு அடி நடந்தார். பிறகு சத்தமில்லாமல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் திரும்பி வந்து மேஜைக்கு அடியில் நுழைந்தார். ஒரு காலத்தில் மாருதிக்குள்ளேயே வசதியாக மடங்கிய உடம்புதான். சோபா அதைக் கெடுத்து வைத்திருந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. பெரியம்மா கேட்டார், பெரியவர் தப்பாக வாயெடுத்தான், கால் அழுத்தியது, பெரியவர் குனிந்தான், சரியாகச் சொன்னான்.

“அது என்னடா, ஒவ்வொரு தடவையும் குனியறே?”

“மரியாதை, பெரியம்மா” என்றான் பெரியவர்.

பொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மேஜையின் ஆட்டத்திலிருந்தே மாஸ்டருக்குத் தெரிந்தது.

“ஆறும் எட்டும்?”

“பதினாலு.”

சரியான விடை. முதல் தடவையாகக் குனியாமலே சொல்லிவிட்டான். மாஸ்டர் மனம் குளிர்ந்து காலைக் கொஞ்சம் நீட்டப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. கால் விறைத்துக்கொண்டு போய்த் தரையை அழுத்தியது. எடுக்கப் பார்த்தால் இன்னும் அழுத்தியது.

பெரியவர் அதைப் பார்த்தான். “பதினஞ்சு” என்றான்.

கால் எடுபடவில்லை.

“பதினாறு.” குனிந்து பார்த்தான். “பதினேழு. பதினெட்டு.”

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். கையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர் வேகத்தைக் கூட்டினான். “இருபது. இருபத்தஞ்சு. முப்பது.”

“என்னடா, ஏலம் விடறியா?” என்றார் பெரியம்மா.

நரம்பை விடுவிக்க மாஸ்டர் தரையை ஓங்கி ஓங்கி உதைத்தார். தலையணை எங்கேயோ பறந்தது. மேஜை குதித்தது. குடத்துத் தண்ணீர் தளும்பிப் போன்மேல் சிந்தியது. உதை நிற்பதற்கும் அழைப்பு மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. பொடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

தையல்காரர் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். மடித்து வைத்திருந்த விரிப்பின் பக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“மாஸ்டர்” என்றார் கவலையாக. “மேஜைக்கு அடியில என்ன பண்றீங்க? கார் எதுவும் வருதா?”

போனிலிருந்து பெரியம்மாவின் குரல் நிதானமாக வந்தது. “மாப்பிள்ளை. வெளியே வாங்க.”

வெளியே வருவது உள்ளே போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு காலில் நொண்டிக்கொண்டு போன் முன்னால் வந்து நின்றார் மாஸ்டர். தலையில் ஒட்டடை. இனி மறைக்க என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் சொன்னார். காலின் பழக்கம், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டது, வாளி, தலையணை, எதையும் விடவில்லை. இந்த வீட்டில் படிப்பு என்று எதுவும் நடக்கவில்லை என்றார்.

“தப்பு அவங்க மேல இல்லைக்கா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். தப்பு நடக்கறதுக்கு முன்னாடி நிறுத்தறது. அதை வெச்சு வண்டி ஓட்டத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் போல. நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. அவளுக்கு ஒரு கவலையாவது குறையட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “பொடிக்கு மட்டும் தூங்கறப்ப விளக்கு எரியணும்” என்றார்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். “அந்தச் சுவரோரமா போய் நில்லுங்க. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்குங்க” என்றார்.

மாஸ்டர் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் இப்படி நின்றது, அப்புறம் இப்போதுதான். தையல்காரருக்கும் என்ன தோன்றியதோ, வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இப்ப சொல்லு. ஆறும் எட்டும்?”

“பதினாலு” என்றான் பெரியவர்.

“பதினேழும் ஒன்பதும்?”

“இருபத்தாறு.”

மாஸ்டருக்கு முதுகு சிலிர்த்தது. இவர் கால் எங்கே, அவன் எங்கே. பெரியம்மா விடவில்லை. நூற்றி இருபதில் முப்பத்தைந்தைக் கழிக்கச் சொன்னார், எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்டார், பன்னிரண்டு ரொட்டியை நாலு பேருக்குப் பங்கு போடச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் சுவரைப் பார்த்து நின்ற மாஸ்டரின் கால் தன் கடமையைச் செய்யக் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓரிடத்தில், அறுபத்து மூன்றை ஏழால் வகுத்தால் ஒன்பது என்று பையன் சொன்னபோது, எட்டு இல்லையோ என்று சந்தேகப்பட்டு ஒரு அழுத்து அழுத்திவிட்டார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசுக்குள் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தபிறகு, மாஸ்டர் மெதுவாகக் காலை எடுத்தார்.

பிறகு பொடியின் முறை. பெரியம்மா அலமாரியிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தார். பொடி எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். காற்புள்ளியில் வேகத்தைக் குறைத்தாள். முற்றுப்புள்ளியில் முழுசாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

“நாலரை வயசுல இவ்வளவு தெளிவா நிறுத்தி வாசிக்கிற குழந்தையை நான் பார்த்ததில்லை” என்றார் பெரியம்மா. “என் பள்ளிக்கூடத்துல ரெண்டு டீச்சருக்கே இது வராது. மாப்பிள்ளை, திரும்புங்க.”

மாஸ்டர் திரும்பினார். முகம் நனைந்திருந்தது. தண்ணீர்க் குடம் சிந்தியது அவ்வளவு தூரம் தெறித்திருக்க வாய்ப்பில்லை. தையல்காரர் நாகரிகமாக அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டார்.

“பிள்ளைங்க எங்கேயும் வர வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். அவகிட்ட நானே சொல்லிக்கறேன், நிம்மதியா டியூட்டி பார்க்கட்டும்.” பெரியம்மாவின் குரல் முதல் தடவையாக இளகியிருந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு பெரியவர் பக்கம் பார்த்தார். “ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். இவ்வளவும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, அப்பாகிட்ட மட்டும் எதுக்குடா தினமும் தப்புத் தப்பா சொன்னே?”

பெரியவர் பின்னால் கைகட்டிக்கொண்டான். அப்பாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அவனுக்கும் சொல்ல முடியாத கணக்கு ஒன்று இருந்தது போலிருந்தது. பொடிதான் நாற்காலிமேல் ஏறி நின்று, ரகசியம் சொல்கிற மாதிரி போனுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“அம்மா போறப்ப அப்பாவைப் பார்த்துக்கச் சொல்லி எங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க பெரியம்மா, நாங்க தப்பா சொன்னாத்தான் அப்பா சோபாவை விட்டு எழுந்திரிக்கறாரு.”